நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டால்... பயப்படணுமா, திரும்பிப் படுத்துத் தூங்கலாமா?

ராத்திரி பத்தரை மணி. சாப்பிட்டு முடித்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறீர்கள். திடீரென நெஞ்சுக்குள் ஒரு 'தொபுக்'. இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும்? அப்படி. ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அடுத்து ஒரு பெரிய குத்து. பிறகு எல்லாம் வழக்கம்போல. ஆனால் தூக்கம் போயே போச்சு. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அடுத்தது எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிறீர்கள்.

ராஜபாளையத்துக்குத் தெற்கே தென்காசி சாலையில் இருக்கிற எங்கள் சேத்தூர்ப் பக்கம் இதற்கு இரண்டே இரண்டு வைத்தியம்தான். ஒன்று, "வாயுவா இருக்கும், ஒரு சோடா வாங்கிக் குடி" என்பது. இன்னொன்று, செல்போனைத் திறந்து எதையெதையோ படித்துவிட்டு விடிய விடிய வியர்த்து உட்கார்ந்திருப்பது. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் திடீரென நினைவிழந்து, மறுநாள் அதிகாலையே காலமானார் இல்லையா? அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் நெஞ்சைத் தொட்டுப் பார்க்காத ஆள் இல்லை. அவருக்கு நடந்தது வேறு. இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் 100 சதவிகிதம் அடைத்துக்கொண்டது என்று அப்போதே மருத்துவர்கள் சொன்னார்கள். நமக்கு ராத்திரி வருகிற 'தொபுக்' பெரும்பாலும் அந்த வகை அல்ல.

'பெரும்பாலும்' என்று சொல்லிவிட்டேன். மிச்சம் இருப்பதை எப்படி அடையாளம் காண்பது, எப்போது எழுந்து ஓட வேண்டும், எப்போது திரும்பிப் படுக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முந்திரிக்கொட்டைத் துடிப்பு

இதயத்தின் மேல் வலது அறையில், குட்டியாக ஒரு திசுக்கூட்டம் இருக்கிறது. அதுதான் மேஸ்திரி. நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்சாரத் தட்டு தட்டும். அந்தத் தட்டு மேல் அறைகளில் பரவி, நடுவில் ஒரு கணம் தங்கி, கீழ் அறைகளுக்கு இறங்கும். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் முறை இது நடக்கிறது.

ஒரு லட்சத்தில் சில முறை, மேஸ்திரி சொல்வதற்கு முன்பே வேறு எங்கோ இருக்கும் ஒரு செல் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்கிறது. இதை 'எக்டோபிக்' துடிப்பு என்கிறார்கள். முந்தி வந்த துடிப்பின்போது இதயத்தில் ரத்தம் முழுசாக நிரம்பியிருக்காது. அதனால் அந்தத் துடிப்பு சப்பென்று போய்விடும், மணிக்கட்டில் தெரியவே தெரியாது. அதற்குப் பிறகு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் கூடுதலாக ரத்தம் சேர்ந்துவிடுவதால் அடுத்த துடிப்பு பலமாக வரும். நீங்கள் உணர்ந்த 'குத்து' அந்த அடுத்த, ஒழுங்கான துடிப்புதான். 'ஒரு துடிப்பு நின்னுபோச்சு' என்று நாம் நினைக்கும் இடத்தில் உண்மையில் ஒரு துடிப்பு அவசரப்பட்டு வந்து போயிருக்கிறது.

இருபத்து நான்கு மணி நேரம் கருவி மாட்டிப் பார்த்தால் ஆரோக்கியமான ஆட்களில் பெரும்பாலானோருக்கு இது ஒன்றிரண்டாவது பதிவாகிறது. பகலில் வேலை மும்முரத்தில் தெரியாது. ராத்திரி, சத்தம் அடங்கி, இடது பக்கமாகப் படுக்கும்போது இதயம் நெஞ்சுச் சுவருக்கு நெருக்கமாக வருவதால் நன்றாகத் தெரியும். இளவயதுப் பிள்ளைகளுக்கு மூச்சை இழுக்கும்போது நாடி வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் போகும். அதுவும் இயல்புதான்.

எது தூண்டுகிறது? தூக்கமின்மை, பயம், காய்ச்சல், உடம்பில் தண்ணீர் வற்றுவது. நூல் மில்லில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சூடு, வியர்வை, நாலு டீ, இரண்டு பிஸ்கட், விடிந்து வந்து மூன்று மணி நேரத் தூக்கம். இல்லையென்றால் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்க விரதத்தோடு வெயிலில் நிற்பவர்களை. வயிற்றுப்போக்கு, வாந்தி, அல்லது பி.பி-க்குச் சாப்பிடும் நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்தாலும் துடிப்பு தடுமாறும்.

டீ, காபி மேல்தான் எல்லோரும் பழியைப் போடுவார்கள். 2023-ல் அமெரிக்காவில் 100 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், காபி குடித்த நாள்களில் மேல் அறைகளில் வரும் முந்திய துடிப்புகள் குறிப்பிடும்படி கூடவில்லை. கீழ் அறைகளில் வருபவை ஓரளவு கூடின. தெளிவாகக் குறைந்தது தூக்கம், சராசரியாக 36 நிமிடம். ஆக, உங்களுக்கு டீ ஒத்துக்கொள்கிறதா என்பதை நீங்களே ஒரு வாரம் நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சாராயம் அப்படியில்லை. பண்டிகை விடுமுறையில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, மறுநாள் இதயம் தாறுமாறாகத் துடிக்க மருத்துவமனைக்கு வருபவர்களைக் கவனித்து 1978-லேயே அமெரிக்க மருத்துவர்கள் அதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். தீபாவளிக்கு மறுநாள் நம் ஊரிலும் அதே கதைதான், பெயர் மட்டும் வேறு.

மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் சளி மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், வீசிங்குக்குப் போடும் டெரிஃபிலின் ஊசி, அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை, இவையும் படபடப்பைக் கொண்டுவரும். டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். "அந்த வெள்ளை மாத்திரை டாக்டர்" என்றால் அவரால் என்ன செய்ய முடியும்?

'டென்ஷன்மா, ஒண்ணுமில்ல'

என் அத்தைக்கு நாற்பத்தாறு வயது. சேத்தூரில்தான் இருக்கிறார், மில் வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு திடீர் திடீரென நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. "சுவிட்சு போட்ட மாதிரி வருது, சுவிட்சை அமத்துன மாதிரி நிக்குது" என்பார். பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போவதற்குள் நின்றுவிடும். ஈசிஜி எடுத்தால் நார்மல். மூன்று இடத்தில் மூன்று ஈசிஜி, மூன்றும் நார்மல். "டென்ஷன்மா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டிலும் அதையே பிடித்துக்கொண்டோம். மகள் கல்யாணக் கவலை என்று நானே சொல்லியிருக்கிறேன், அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் சொன்ன 'சுவிட்சு'தான் துப்பு. கவலையால் வரும் படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். எஸ்.வி.டி எனப்படும் மின்சுற்றுக் கோளாறில் ஒரே கணத்தில் 150, 180, 200 என்று எகிறி, அதேபோல் ஒரே கணத்தில் இறங்கும். கழுத்தில் தவளை குதிப்பதுபோல் இருக்கும் என்பார்கள். நின்றபிறகு சிலருக்கு நிறைய சிறுநீர் போகும். 1997-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், இந்தக் கோளாறு உறுதியான 107 பேரை எடுத்துப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்குப் பேரின் அறிகுறிகள் 'பேனிக்' எனும் பதற்ற நோயின் இலக்கணத்துக்குள் அப்படியே பொருந்தின. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் நிஜக் காரணம் கண்டுபிடிக்கப்படவே இல்லை. பெண்களுக்கு இது இன்னும் எளிதாக நடந்துவிடுகிறது.

கடைசியில் ஒருநாள் படபடப்பு நிற்கவில்லை. மகன் ஆட்டோ பிடித்து, ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், "இப்பவே ஈசிஜி எடுங்க" என்று நின்றான். நாடி 190. காகிதத்தில் அது பதிவானது. நரம்பில் ஒரு ஊசி போட்டார்கள். சில விநாடிகள் உயிர் போய் வந்தமாதிரி இருந்ததாம். அந்த ஊசி அப்படித்தான் செய்யும். நாடி 84-க்கு வந்தது. பிறகு மதுரையில், தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை அனுப்பி, தேவையில்லாத அந்த மின்பாதையைச் சுட்டு அடைத்தார்கள். 'அப்லேஷன்' என்று பெயர். இப்போது படபடப்பு இல்லை. தூக்க மாத்திரையும் இல்லை.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். வந்து வந்து போகும் துடிப்புக் கோளாறில், 'ஈசிஜி நார்மல்' என்றால் ஈசிஜி எடுத்த அந்தப் பத்து விநாடி நார்மல் என்று மட்டுமே அர்த்தம். திருடன் போனபிறகு எடுத்த போட்டோவில் திருடன் இருக்க மாட்டான்.

நாடி பிடிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர்ப் பாட்டி, தாத்தாக்கள் எல்லோரும் நாடி பார்த்தவர்கள்தான். உள்ளங்கையைத் திருப்பி, கட்டை விரலுக்கு நேர்கீழே, மணிக்கட்டில் இரண்டு மூன்று விரல்களை மெதுவாக வையுங்கள். உங்கள் கட்டை விரலால் பார்க்க வேண்டாம், அதன் துடிப்பே குழப்பும். முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அப்போது இரண்டு விஷயம் கவனியுங்கள்: எத்தனை, ஒரே தாளமா?

ஒழுங்கான தாளத்தில் எப்போதாவது ஒன்று விட்டுப்போனால், அது மேலே சொன்ன முந்திரிக்கொட்டை. அதிவேகம், ஆனால் ஒரே தாளம் என்றால் எஸ்.வி.டி போன்ற ஒன்றாக இருக்கலாம். தாளமே இல்லாமல், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருந்தால் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' ஆக இருக்கலாம். இந்தக் கடைசி வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இதில் இதயத்தின் மேல் அறைகள் சுருங்குவதற்குப் பதில் கொதிக்கிற கஞ்சி மாதிரி தளதளவென்று நடுங்கிக்கொண்டிருக்கும். உள்ளே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. வந்து போகும் வகையிலும் ஆபத்து உண்டு. பல பேருக்குப் படபடப்பே தெரியாது, சும்மா அசதியாக இருக்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். 1991 மே மாதம், அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் ஜாகிங் போனபோது மூச்சு வாங்கி, களைத்து நின்றார். பார்த்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தைத் தோண்டித் துருவிவிட்டுக் கடைசியில் காரணம் கழுத்தில் கிடைத்தது, தைராய்டு அதிகமாகச் சுரந்தது. வேடிக்கை என்னவென்றால் அவர் மனைவி பார்பராவுக்கும் அதே தைராய்டு நோய் ஏற்கெனவே இருந்தது.

அதனால்தான் படபடப்பு என்று போனால் டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்கிறார். தைராய்டு ஒரு காரணம், ரத்தசோகை இன்னொன்று. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. ஹீமோகுளோபின் எட்டை வைத்துக்கொண்டு தண்ணீர்க் குடம் தூக்கினால் இதயம் படபடக்காமல் என்ன செய்யும்? சின்ன வயதில் தொண்டைப் புண், மூட்டு வீக்கம் என்று வந்து, இதய வால்வு பழுதானவர்களும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். பலருக்கு அது கர்ப்ப காலத்தில்தான் தெரியவருகிறது. கர்ப்பிணிக்குப் படபடப்போடு மூச்சுத் திணறலும் இருந்தால், 'பிள்ளை உண்டானா அப்படித்தான்' என்று விடாதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்?

படபடப்போடு மயக்கம் வந்து விழுந்தால். கண் இருண்டு விழப் போனால். நெஞ்சில் பாரம், அழுத்தம், அது தோளுக்கோ தாடைக்கோ போனால். படுக்க முடியாமல் மூச்சுத் திணறினால். முகம் ஒரு பக்கம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குளறினால். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-க்கு மேல் எகிறிச் சில நிமிடங்களில் இறங்காமல் நின்றால். இவற்றில் ஒன்று இருந்தாலும் சோடா வேண்டாம், விடியட்டும் என்று பார்க்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போவது எங்கள் பக்கம் சர்வ சாதாரணம். வழியில் மயங்கினால் மூன்று பேரும் விழுவீர்கள். ஆம்புலன்ஸ் தாமதம் என்றால் படுக்க வைக்க வசதியான கார், ஆட்டோ ஏதாவது பாருங்கள். நோயாளி தானே வண்டி ஓட்டக் கூடாது. ஆள் நினைவிழந்து, மூச்சும் இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை பலமாக அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை.

பிள்ளைகள் அரளி விதையையோ இலையையோ கடித்துத் தின்றுவிட்டால், இப்போது நன்றாக ஓடியாடினாலும் உடனே மருத்துவமனைதான். அரளியின் விஷம் நேராக இதயத் துடிப்பைத்தான் தாக்கும். மாந்தோப்பில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்தவருக்குத் துடிப்பு மாறி, எச்சில் ஒழுகி, வேர்த்துக் கொட்டினாலும் அப்படியே.

எங்கே போவது? சேத்தூரிலிருந்து ராஜபாளையம் அரசு மருத்துவமனை பத்து கிலோமீட்டர் சுமாருக்குத்தான். அதைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர், 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி, இன்னும் மேல் சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. நெஞ்சுவலியோடு இருப்பவரை நேராக மதுரைக்கே கொண்டுபோகிறேன் என்று கிளம்பாதீர்கள். முதலில் பக்கத்தில் ஒரு ஈசிஜி. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

அவசரம் இல்லை, ஆனால் ஒரு வாரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்களும் உண்டு. படபடப்பு அடிக்கடி வருபவர்கள், வேலை செய்யும்போதோ ஓடும்போதோ வருபவர்கள், ஏற்கெனவே இதய நோய், சர்க்கரை, பி.பி இருப்பவர்கள், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் காரணம் தெரியாமல் திடீரென இறந்திருப்பவர்கள். வெறும் முந்திரிக்கொட்டைத் துடிப்புதான் என்றாலும், நாள் முழுக்க வரும் துடிப்பில் பத்தில் ஒரு பங்கு அதுவாகவே இருந்தால் இதயத் தசை களைக்கலாம். எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள்.

காகிதத்தில் பிடிப்பது எப்படி?

படபடப்பு வரும்போதே ஈசிஜி கிடைத்தால் பாதிக் கேஸ் முடிந்தது. கிடைக்காதவர்களுக்கு ஹோல்டர் கருவி. நெஞ்சில் ஒட்டிக்கொண்டு 24 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை வெட்டிக்குப் போய் வரலாம். இதைக் கண்டுபிடித்த நார்மன் ஹோல்டர், 1940-களின் கடைசியில் செய்த முதல் கருவி சுமார் 38 கிலோ. முதுகில் மூட்டையாகச் சுமந்தார்கள். இப்போது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மாதம் ஒரு முறை வருகிற படபடப்பு 24 மணி நேரக் கருவியில் சிக்காது. அதை டாக்டரிடம் சொன்னால் நீண்ட நாள் கருவிக்கு வழி செய்வார்.

உங்கள் பக்கத்திலிருந்து செய்ய முடிந்தது: தேதி, நேரம், எத்தனை நிமிடம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், நாடி எவ்வளவு, எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்னாலாவது குறித்துவையுங்கள். வீட்டில் பி.பி மெஷின் இருந்தால் அப்போது ஒரு தடவை அழுத்தி, திரையை போட்டோ எடுங்கள். டாக்டர் முன்னால் அந்தத் தாளத்தை மேஜையில் விரலால் தட்டிக் காட்டுங்கள். கேலியாகத் தோன்றலாம், ஆனால் 'படபடன்னு இருந்துச்சு' என்பதைவிட அது பத்து மடங்கு தகவல்.

எஸ்.வி.டி என்று டாக்டர் உறுதி செய்தவர்களுக்கு வீட்டிலேயே ஒரு முக்குதல் பயிற்சி சொல்லிக் கொடுப்பார்கள். சாய்ந்து உட்கார்ந்து, காலி சிரிஞ்சின் பிஸ்டன் நகரும் அளவுக்கு 15 விநாடி பலமாக ஊதி, உடனே மல்லாந்து படுத்து, ஒருவர் கால்களைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015-ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவிகிதம் பேருக்குத் துடிப்பு சீரானது. உட்கார்ந்தபடி ஊத மட்டும் செய்தவர்களில் 17 சதவிகிதம்தான். நோய் உறுதியாகாமல் நீங்களாகச் செய்ய வேண்டாம். கண்ணை அழுத்துவது, கழுத்து நரம்பை அமுக்கிவிடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. ஈசிஜி காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பலர் பீரோவில் பூட்டிவைப்பார்கள். அது சூட்டில் அச்சாகும் காகிதம், பஸ் டிக்கெட் மாதிரி மங்கிவிடும். எடுத்த அன்றே போனில் படம் பிடித்து, ஒரு ஜெராக்ஸும் போட்டுவையுங்கள். அத்தை அந்த 190 காகிதத்தை ரேஷன் கார்டு கவருக்குள் வைத்திருந்தார். போன பொங்கலுக்குப் பார்த்தபோது பாதிக் கோடுகள் வெளுத்துப்போயிருந்தன. மதுரை டாக்டருக்குக் காட்ட உதவியது, ஆட்டோக் காசு கொடுக்கும் அவசரத்திலும் மகன் போனில் எடுத்துவைத்திருந்த படம்தான்.